புதுப் பண்டம் கூட்டம் சேர்க்கும். பழைய பண்டம் கடையைக் காக்கும்



நம் மளிகைக் கடைகளுக்கு வாரம் தவறாமல் ஒரு சேல்ஸ்மேன் புதுப் பாக்கெட்டோடு வருகிறார். விளம்பரம் ஓடுகிறது, பிள்ளைகள் வந்து கேட்பார்கள், பத்துப் பெட்டிக்கு ஒரு பெட்டி இலவசம் என்கிறார். கல்லாவுக்கு எதிரே கண்ணில் படும் இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார். நேற்று வரை அங்கே இருந்த பொரிகடலையும் கடலைமிட்டாய் ஜாடியும் உள்ளே தள்ளப்படுகின்றன. மூன்று மாதம் கழித்துப் பாக்கெட்டில் தூசி படிகிறது. தேதி முடிந்த சரக்கைத் திரும்ப எடுக்க அந்த சேல்ஸ்மேன் வருவதில்லை. வேறொருவர் வேறொரு புதுப் பாக்கெட்டோடு வருகிறார்.

இதைப் பற்றி நம்மிடையே இரண்டு கட்சிகள் உண்டு. ‘புதுச் சரக்கே வேண்டாம், அப்பா காலத்தில் விற்றதையே விற்போம்’ என்பது ஒரு கட்சி. ‘காலம் மாறிவிட்டது, பெரிய கடைகளில் இருப்பதெல்லாம் நம்மிடமும் இருந்தால்தான் ஆள் வரும்’ என்பது இன்னொரு கட்சி. முதல் கட்சிக்காரர் கடைக்கு இளைய தலைமுறை வருவதில்லை. இரண்டாவது கட்சிக்காரரின் முதல் முழுவதும் அலமாரியில் தூங்குகிறது. இரண்டு பேரும் மாத முடிவில் மொத்தக் கடைக்கு வந்து கெடு கேட்கிறார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மொத்தக் கடையில் உட்கார்ந்து பற்று வரவு பார்த்துவருபவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

இந்தப் புதிது பழையது வழக்கு நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் மாநிலப் பொருட்காட்சிகளில் இதே வழக்கு மக்கள் முன்னால் நடக்கிறது. தீர்ப்பும் அங்கேயே, சில நாட்களுக்குள், விற்பனை மூலம் சொல்லப்படுகிறது. நம் மாட்டுச் சந்தையையும் அரசுப் பொருட்காட்சியையும் ஒன்றாகச் சேர்த்தால் எப்படி இருக்குமோ அப்படிப்பட்டவை அவை. விளைச்சலையும் கால்நடைகளையும் காட்டிப் பரிசு வாங்குவதற்காகத் தொடங்கியவை, இன்று ராட்டினம், பாட்டு, எல்லாவற்றுக்கும் மேலாகச் சாப்பாடு என்று வளர்ந்திருக்கின்றன.

அவற்றில் பெரியவற்றுள் ஒன்று மின்னசோட்டா மாநிலப் பொருட்காட்சி. 1859-ல் தொடங்கியது. 1885 முதல் செயின்ட் பால் நகரத்தை ஒட்டிய ஒரே மைதானத்தில் நடந்துவருகிறது. ஆகஸ்டு மாதக் கடைசியில் தொடங்கி, செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரும் தொழிலாளர் தினத்தோடு முடியும். மொத்தம் 12 நாள். எங்கள் மகள் குடும்பம் அந்த ஊரில் இருந்ததால் 2019-ல் நானும் போய்ப் பார்த்தேன். அந்த ஆண்டு 12 நாளில் வந்தவர்கள் 21 லட்சத்துக்கும் மேல். சுமார் 300 உணவுக் கடைகள். நான் சைவம் என்பதால் வெண்ணெயில் முக்கிய சுட்ட சோளக்கதிரோடு நிறுத்திக்கொண்டேன். ஆனால் எந்தக் கடையில் என்ன விற்கிறது, எந்தக் கடைக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைப் பார்க்காமல் வியாபாரியால் நடக்க முடியுமா?

அங்கே ஒரு பழக்கம் இருக்கிறது. பொருட்காட்சி தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே, இந்த ஆண்டின் புதிய பண்டங்கள் என்று ஒரு பட்டியல் வெளியிடுகிறார்கள். பல ஆண்டுகளில் முப்பதுக்கு மேல் புதுப் பண்டங்கள் அதில் வருகின்றன. பத்திரிகைகள் அதைப் படத்தோடு போடுகின்றன. வீட்டில் உட்கார்ந்து எதை முதலில் சாப்பிடுவது என்று குடும்பத்தோடு திட்டம் போடுகிறார்கள். 2022-ல் உப்புநீரில் ஊறிய வெள்ளரிக்காயைப் பரப்பிய பீட்சா வந்தது. 2024-ல் ‘ரேஞ்ச்’ என்ற, காய்கறியில் தொட்டுக்கொள்ளும் தயிர் போன்ற கலவையையே மாவில் அடைத்து எண்ணெயில் பொரித்துக் கொடுத்தார்கள். கேட்டால் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தச் சிரிப்புத்தான் விளம்பரம். காசு கொடுக்காமல் எல்லாப் பத்திரிகையிலும் பெயர் வந்துவிடுகிறது.

டெக்சாஸ் மாநிலத்தில் டல்லஸ் நகரில் நடக்கும் பொருட்காட்சி இதில் இன்னும் ஒரு படி மேல். 1886-ல் தொடங்கிய அந்தப் பொருட்காட்சியில் 2005 முதல் புதுப் பண்டங்களுக்குப் போட்டி வைத்துப் பரிசே கொடுக்கிறார்கள். 2006-ல் கோகோ கோலா கலந்த மாவைப் பொரித்து விற்றவருக்குப் பரிசு. 2009-ல் வெண்ணெயை மாவில் தோய்த்துப் பொரித்த பண்டத்துக்குப் பரிசு. வெண்ணெயைப் பொரிப்பதா என்று உலகம் முழுவதும் பேசினார்கள். பொருட்காட்சிக்கு வேண்டியது அந்தப் பேச்சுத்தான்.

ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே வந்த ஆள் என்ன செய்கிறார் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். அவருக்கு இருப்பது ஒரு வயிறு, ஒரு பணப்பை. முப்பது புதுப் பண்டங்களையும் அவரால் சாப்பிட முடியாது. ஒன்றோ இரண்டோ வாங்கிக் குடும்பத்தோடு பங்கிட்டு ருசி பார்க்கிறார். நன்றாக இருந்தால் இரண்டு பேரிடம் சொல்கிறார், இல்லாவிட்டால் நாலு பேரிடம் சொல்கிறார். அதன்பிறகு, தான் சிறு வயதில் அப்பாவோடு வந்து சாப்பிட்ட பண்டம் விற்கும் கடையைத் தேடிக்கொண்டு போகிறார். அங்கே நிற்கும் வரிசைதான் நீளம்.

மின்னசோட்டாவில் ‘ப்ராண்டோ பப்’ என்று ஒரு பண்டம். இறைச்சிக் குழலைக் குச்சியில் செருகி, மாவில் தோய்த்து, எண்ணெயில் பொரித்துத் தருவது. நமக்குச் சுதந்திரம் வந்த அதே 1947-ல் அந்தப் பொருட்காட்சிக்கு வந்தது. இன்றும் விற்கிறது. டெக்சாஸில் அதுபோன்ற ‘கார்னி டாக்’ 1940-களிலிருந்து ஒரே குடும்பத்தார் கையில் இருக்கிறது. ஒவ்வொரு பொருட்காட்சியிலும் லட்சக்கணக்கில் விற்கிறது. பொரித்த வெண்ணெய்க்குப் பத்திரிகையில் படம் வந்தது. கல்லா நிறைவதோ கார்னி டாக் கடையில்.

இன்னொரு கடையைச் சொல்ல வேண்டும். 1979-ல் மின்னசோட்டாவில் ‘ஸ்வீட் மார்த்தா’ என்ற பெயரில் சிறிய கடையாக பிஸ்கட் விற்க ஆரம்பித்தார்கள். சாக்லேட் துண்டு போட்ட பிஸ்கட், அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு. நான் போன ஆண்டில் அதே மைதானத்தில் அவர்களுக்கு மூன்று இடத்தில் கடை. பிஸ்கட்டை வாளியில் போட்டுத் தருகிறார்கள். மூடியை மூட முடியாத அளவுக்கு மேலே குவித்து வைக்கிறார்கள். நம் பக்கத்தில் படியளந்த பிறகு கொசுறாக ஒரு கை அள்ளிப் போடுவோமே, அதே தர்மம். அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு அவர்கள் கொடுக்கும் விளம்பரம் அந்தக் குவியல் ஒன்றுதான்.

2020-ல் கொரோனாவால் அந்தப் பொருட்காட்சி நடக்கவில்லை. அதற்குப் பதிலாக, காரை விட்டு இறங்காமல் மைதானத்தைச் சுற்றி வந்து பண்டங்களை வாங்கிப் போகும்படி ஓர் ஏற்பாடு செய்தார்கள். ராட்டினம் கிடையாது, பாட்டு கிடையாது, கூட்டம் கிடையாது. அப்படியும் டிக்கெட்டுகள் சில மணி நேரத்தில் தீர்ந்துபோயின. எல்லாவற்றையும் எடுத்துவிட்ட பிறகும் மக்கள் எதற்காக வருவார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சோதனை வேண்டுமா?

அப்படியானால் பழையதே போதுமா என்று கேட்கலாம். போதாது. அதற்கும் அதே மைதானத்தில் அத்தாட்சி இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே மேசையில் உட்கார வைத்துச் சாப்பாடு போடும் சர்ச் உணவுக்கூடங்கள் நிறைய இருந்தன. இன்று விரல் விட்டு எண்ணலாம். மக்கள் நடந்துகொண்டே சாப்பிட விரும்பினார்கள். கையில் பிடிக்கக் குச்சி கேட்டார்கள். மாறாமல் நின்ற கூடங்கள் பல மறைந்தன. நிலைத்து நிற்பவற்றுள் ஒன்று 1897-ல் தொடங்கிய ஹாம்லின் சர்ச் உணவுக்கூடம். அவர்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பழைய இறைச்சிப் பண்டத்தை அவர்கள் கைவிடவில்லை. அதே சமயம் புதிய பண்டப் பட்டியலிலும் அவர்கள் பெயர் வந்திருக்கிறது.

இதில்தான் முக்கியமான செய்தி இருக்கிறது. அந்தப் புதுப் பண்டங்களில் பெரும்பகுதியைக் கொண்டு வருபவர்கள், பல ஆண்டுகளாக அங்கே கடை வைத்திருக்கும் பழைய கடைக்காரர்கள். அவர்களுக்கு அடுப்பும் தெரியும், ஆளும் தெரியும். பழைய பண்டம் விற்ற லாபத்தில் ஒரு சிறு பகுதியை எடுத்துப் புதியதில் போடுகிறார்கள். ஓடினால் அடுத்த ஆண்டும் இருக்கும். ஓடாவிட்டால் பட்டியலோடு போய்விடும், கடை போகாது. புதியதற்காகப் பழையதன் அடுப்பை அணைப்பதில்லை.

நம் கடையில் நடப்பதோ தலைகீழ். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10,000 ரூபாய்க்குத் துவரம் பருப்பு வாங்குகிறோம். கிடைப்பது 4 சதவீதம்தான் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் வாரத்துக்கு ஒருமுறை சரக்கு தீர்ந்து பணம் கைக்கு வருகிறது. மாதம் 4 சுற்று, மூன்று மாதத்தில் 12 சுற்று. ஒரு சுற்றுக்கு 400 ரூபாய் என்றால் மூன்று மாதத்தில் 4,800 ரூபாய். அதே 10,000 ரூபாயைப் புதுப் பாக்கெட்டில் போடுகிறோம். 20 சதவீதம் லாபம் என்று சேல்ஸ்மேன் சொன்னது உண்மைதான். முழுதும் விற்றால் 12,000 ரூபாய். ஆனால் விற்பதற்கு மூன்று மாதம் ஆகிறது. அதற்குள் கால் பங்கு தேதி முடிந்துபோனால் கைக்கு வருவது 9,000 ரூபாய். முதலில் 1,000 ரூபாய் போய்விட்டது. சதவீதத்தைப் பார்த்து மயங்குகிறவர் இந்தச் சுற்றுக் கணக்கைப் பார்ப்பதில்லை. பொருட்காட்சிக் கடைக்காரருக்கு 12 நாளில் கணக்கு தெரிந்துவிடுகிறது. நமக்கு அப்படிக் கெடு இல்லாததால் நஷ்டம் கண்ணுக்குத் தெரியாமல் வளர்கிறது.

பழையது என்று நாம் சொல்வதும் ஒரு காலத்தில் புதிதாக வந்ததுதான் என்பதையும் மறக்கக் கூடாது. நம் ஊர்த் திருவிழாக்களில் பஞ்சுமிட்டாய் இல்லாமல் இருக்குமா? அந்த மிட்டாய் செய்யும் இயந்திரத்தை 1897-ல் உருவாக்கியவர்கள் அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த வில்லியம் மாரிசன் என்பவரும் ஜான் வார்ட்டன் என்பவரும். வார்ட்டன் மிட்டாய் வியாபாரி. மாரிசன் பல் வைத்தியர்! 1904-ல் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில், ஒரு பெட்டி 25 சென்ட் என்று வைத்து 68,655 பெட்டிகள் விற்றார்கள். அன்று அது புதுப் பண்டம். இன்று நம் குழந்தைகளுக்கு அது கோயில் திருவிழாவின் பழைய பண்டம். சென்னை தீவுத்திடல் பொருட்காட்சிக்குப் போகிறவர்கள் தேடிப் போய்ச் சாப்பிடும் டில்லி அப்பளமும், பெயரிலேயே வெளியூரை வைத்துக்கொண்டு நம் வழக்கமாகிவிட்டதுதானே.

அந்தப் பஞ்சுமிட்டாய்க்கு நேர்ந்த கதியையும் நாம் பார்த்தோம். துணிக்குப் போடும் ரோடமின்-பி என்ற சாயம் அதில் கலந்திருப்பது ஆய்வில் தெரிந்ததும், 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அதன் விற்பனைக்குத் தடை விதித்தது. புதுச்சேரியில் அதற்கு முன்பே தடை வந்துவிட்டது. நூறாண்டுக்கு மேல் நின்ற ஒரு பண்டத்தைச் சாய்த்தது எந்தப் புதுப் பாக்கெட்டும் இல்லை. மலிவான சாயம்தான். நல்ல சர்க்கரை போட்டு யோக்கியமாக விற்றவனின் பிழைப்பும் அதனோடு சேர்ந்து போயிற்று. பழைய சரக்கின் தரம் கெட்டால் வாடிக்கைக்காரர் புதிய சரக்கைத் தேடிப் போவதில் தவறு சொல்ல முடியாது. கலப்பட மிளகாய்த்தூளை வைத்துக்கொண்டு, ஜனங்கள் பாக்கெட் மசாலாவுக்கு மாறிவிட்டார்கள் என்று புலம்புவதில் அர்த்தம் இல்லை.

தரத்தைக் காப்பாற்றிய ஊர்களுக்கு மரியாதை தேடி வந்திருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-லும், கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-லும், மணப்பாறை முறுக்குக்கு 2023-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. பண்டம் பழையதுதான். எடை, தயாரித்த தேதி, உணவுப் பாதுகாப்பு உரிம எண் எல்லாம் அச்சிட்ட உறை புதியது. சாமை, தினை, கம்பு விஷயமும் இதே மாதிரிதான். 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அதற்குப் பிறகு கம்பு என்று கேட்டு வரும் இளைஞர்கள் நம் கடைக்கும் வருகிறார்கள். எந்த ஊர்க் கம்பு, கல் நீக்கியதா, எத்தனை நேரம் ஊற வேண்டும் என்று நம்மால் சொல்ல முடியும். பாக்கெட்டால் சொல்ல முடியாது. பழைய கைகளிலிருந்து புதியது வர வேண்டும் என்று நான் சொல்வது இதைத்தான்.

ஆகவே நண்பர்களுக்கு என் யோசனைகள் இவை.

முதலாவது, கடையில் புதுச் சரக்குக்கு என்று ஒரே ஒரு தட்டு ஒதுக்குங்கள். கண்ணில் படும் இடமாகவே இருக்கட்டும். ஆனால் அந்தத் தட்டுக்கு மேல் புதியது பரவக் கூடாது. ஒரு புதுச் சரக்கு வர வேண்டுமானால், ஓடாத ஒன்று அங்கிருந்து இறங்க வேண்டும். நடப்புச் சரக்கின் இடத்தில் கை வைக்கக் கூடாது.

இரண்டாவது, கெடு வையுங்கள். பொருட்காட்சிக்கு 12 நாள் என்றால் நமக்கு 30 நாள் இருக்கட்டும். சரக்கு வந்த தேதியையும் எண்ணிக்கையையும் சிட்டையில் எழுதுங்கள். 30 நாளில் பாதிகூட விற்காததற்கு மறு ஆர்டர் கிடையாது. ஸ்கீம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கிடையாது.

மூன்றாவது, முதல் கொள்முதல் ஒரு பெட்டிக்கு மேல் வேண்டாம். விற்காத சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பி வாங்கினால் கேட்கப் போக இடம் இருக்காது. எழுதித் தர மறுப்பவரின் சரக்கு ஓடும் என்று அவருக்கே நம்பிக்கை இல்லை என்றுதான் அர்த்தம்.

நான்காவது, புதுப் பண்டத்தை நீங்கள் பிரித்துச் சாப்பிட்டுப் பாருங்கள். வீட்டில் கொடுத்துப் பாருங்கள். ‘எப்படி இருக்கிறது?’ என்று வாடிக்கைக்காரர் கேட்கும்போது உண்மையைச் சொல்ல முடிய வேண்டும். பெரிய கடைகளிலும் போனில் ஆர்டர் எடுப்பவர்களிடமும் கிடைக்காத ஒரே சரக்கு அந்தப் பதில்தான்.

ஐந்தாவது, பழைய சரக்கை மூலையில் போடாதீர்கள். கடலைமிட்டாய் ஜாடியைத் துடைத்துப் புதிதாக நிரப்பி முன்னால் வையுங்கள். எந்த ஊர்ச் சரக்கு என்று ஒரு அட்டையில் எழுதி வையுங்கள். ருசி பார்க்க ஒரு துண்டு கொடுங்கள். குழந்தைக்கு முதல் துண்டை யார் கொடுத்தாரோ அவர் கடையைத்தான் அது பெரியவனான பிறகும் தேடி வரும். மின்னசோட்டாவிலும் டெக்சாஸிலும் எழுபது எண்பது ஆண்டுகளாக நடப்பது அதுதான்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். மாவட்டங்களில் நடக்கும் அரசுப் பொருட்காட்சிகளில், அந்தந்த மாவட்டத்துப் பழைய பண்டங்களைச் செய்பவர்களுக்கும் சிறு வியாபாரிகளுக்கும் குறைந்த வாடகையில் ஒரு வரிசைக் கடைகள் ஒதுக்கும்படி சங்கத்தின் சார்பில் மனு கொடுக்க வேண்டும். அதே வரிசையில் ஒவ்வொரு ஆண்டும் நம் ஊர்க்காரர் புதிதாகச் செய்த பண்டங்களுக்கு ஒரு பட்டியல் வெளியிட்டு, பத்திரிகைகளுக்குக் கொடுக்க வேண்டும். எது ஓடியது, எது ஓடவில்லை என்று பொருட்காட்சி முடிந்ததும் நம் இதழிலேயே கணக்கு வெளியிட வேண்டும். அந்தக் கணக்கைப் பார்த்து நம் கடைக்காரர்கள் கொள்முதல் செய்தால், சேல்ஸ்மேன் பேச்சை நம்பி முதலைப் போட வேண்டிய அவசியம் இருக்காது.

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அன்று தங்கள் கடைக் கணக்கோடு வந்து பேசும்படி கேட்டுக்கொள்கிறேன்.